கண்ணுக்குத் தெரியாத விளக்குகள்: அண்மை அகச்சிவப்பு ஒளி தரும் பொருட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி ரிமோட்டின் முனையில் இருக்கும் சின்ன பல்பு எரிகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எரிந்தாலும் தெரியாது. எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்ப்பதால், இந்தத் தெரியாத ஒளியைப் பற்றி மாணவர்கள் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், சிசிடிவி மாட்ட வந்த தம்பியும் கேட்பார். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். அலைநீளம் எல்லாம் நானோமீட்டரில். ஒவ்வொரு தடவையும் அலகைச் சொல்லாமல் வெறும் எண்ணாக எழுதுகிற இடங்களும் வரும்.

அண்மை அகச்சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

நம் கண் ஏறக்குறைய 400 முதல் 700 வரை பார்க்கும். சிவப்பு முடிகிற இடத்துக்கு அடுத்த வீடுதான் அண்மை அகச்சிவப்பு. சிலர் 700-ல் தொடங்குகிறது என்பார்கள், சிலர் 780 என்பார்கள். 2500 வரை போகிறது என்று வைத்துக்கொள்வது வழக்கம். நடுவில் யாரும் வேலி போட்டு வைக்கவில்லை.

1800-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்த வெப்பமானி நன்றாக ஏறியது. அப்படித்தான் இந்த ஒளி இருப்பது தெரிய வந்தது.

அகச்சிவப்பு என்றாலே வெப்பம்தானே? இருட்டில் மனிதனைக் காட்டும் கேமராவும் இதுதானே?

அதிகம் குழப்புகிற கேள்வி இது. ஹெர்ஷல் வெப்பமானியில் பிடித்ததாலோ என்னவோ, அகச்சிவப்பு என்றால் சூடு என்று மனதில் பதிந்துவிட்டது.

சூடான எந்தப் பொருளும் ஒளி உமிழும். எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து எந்த ஒளி என்பது மாறும். நம் உடம்பு 37 டிகிரி; அது உமிழ்வது 10,000 நானோமீட்டர் பக்கம். அது அண்மை அகச்சிவப்புக்கு வெகு தூரம். விமான நிலையங்களில் காய்ச்சல் பார்க்க வைத்திருந்த வெப்பக் கேமராக்கள் பார்த்தது அந்த ஒளியை. வீட்டு வாசலில் இருக்கும் சிசிடிவி அப்படி இல்லை. அது தானே ஒரு தெரியாத விளக்கை எரிய வைத்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் சாதாரணமாகப் படம் எடுக்கிறது. விளக்கை மூடிவிட்டால் அதற்கும் இருட்டுதான்.

பழைய குண்டு பல்பு இதற்கு நல்ல உதாரணம். அதன் இழை சுமார் 2700 கெல்வினில் எரியும். அந்தச் சூட்டில் ஒளி உச்சம் தொடுவது 1070 பக்கத்தில். அதாவது குண்டு பல்பு பெரும்பாலும் ஓர் அண்மை அகச்சிவப்பு விளக்கு. கொஞ்சம் மஞ்சள் வெளிச்சமும் கூடவே வந்தது, அவ்வளவுதான். நாம் அந்தக் கொஞ்சத்துக்காக மின்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

இந்தப் பக்கத்தில் பேசப்போவது சூட்டினால் ஒளிரும் பொருட்களைப் பற்றி அல்ல. மின்சாரமோ வேறொரு ஒளியோ பட்டதும், சூடாகாமலே குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளிரும் பொருட்களைப் பற்றி.

எந்தப் பொருள் எந்த அலைநீளத்தில் ஒளிரும் என்பதை எது முடிவு செய்கிறது?

கேலியம் ஆர்சனைடு, சிலிக்கான் மாதிரி குறைக்கடத்தியாக இருந்தால், முடிவு செய்வது அதன் ஆற்றல் இடைவெளி. மேல்தளத்தில் இருக்கும் எலெக்ட்ரான் கீழ்த்தளத்துக்கு விழும்போது, இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆற்றல் ஒளியாக வெளியே வரும். கணக்கு ரொம்பச் சுலபம்: 1240-ஐ, எலெக்ட்ரான் வோல்ட்டில் சொன்ன இடைவெளியால் வகுத்தால் அலைநீளம் கிடைத்துவிடும். கேலியம் ஆர்சனைடின் இடைவெளி 1.42. வகுத்துப் பாருங்கள், 873 வரும். அலுமினியம் சேர்த்தால் இடைவெளி கூடும், 850-க்கு வரலாம். இண்டியம் சேர்த்தால் குறையும், 940, 980 என்று நீளும். கிட்டத்தட்டச் சாம்பாருக்குப் புளியைக் கூட்டிக் குறைக்கிற மாதிரிதான். ஆனால் படிகம் கெடாமல் கூட்டிக் குறைப்பதற்குத்தான் தொழிற்சாலை வேண்டியிருக்கிறது.

வரலாற்றில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. கண்ணுக்குத் தெரியும் எல்இடி வருவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத எல்இடி கடைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ராபர்ட் பியார்டும் கேரி பிட்மனும் 1961-ல் வேறொரு டையோடு செய்யப்போய், கேலியம் ஆர்சனைடு அகச்சிவப்பு ஒளி விடுவதைக் கண்டார்கள். 1962-ல் அந்த நிறுவனம் அதை விற்பனைக்கே கொண்டுவந்தது. ஒன்றின் விலை 130 டாலர். இன்று அதைவிடப் பிரகாசமானது பாக்கெட் சில்லறைக்குக் கிடைக்கிறது.

ரிமோட்டில் 940, சிசிடிவியில் 850. ஏன் இரண்டும் ஒன்றாக இல்லை?

இரண்டுக்கும் வேலை வேறு.

கேமராவின் உள்ளே இருக்கும் சிலிக்கான் சென்சார் 850-ஐ நன்றாகப் பார்க்கும். 940 வரும்போது அதன் பார்வை மங்கிவிடும். அதனால் ஒரே பவரில் 850 விளக்கு அதிக தூரம் காட்டும். ஆனால் 850 எல்இடியை இரவில் நேராகப் பார்த்தால் மங்கலான செந்நிறப் புள்ளி தெரியும். “சார், கேமரா இருப்பது திருடனுக்கே தெரிகிறதே” என்பார்கள். தெரியக்கூடாது என்றால் 940 வாங்க வேண்டும், தூரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஒருமுறை மாணவர்களுக்காக ஒரு கடையில் 940 என்று எழுதிய பாக்கெட்டில் எல்இடி வாங்கி வந்தேன். லேபின் விளக்கை அணைத்ததும் அத்தனையும் மெல்லச் சிவந்தன. 850-ஐப் போட்டுக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து கடையிலேயே உள்ளங்கையைக் குவித்து இருட்டாக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பது.

940-க்கு இன்னொரு ஆதாயம் உண்டு. வானத்தில் இருக்கும் நீராவி சூரிய ஒளியில் 940 பக்கத்தை நன்றாக உறிஞ்சிவிடுகிறது. தரைக்கு வரும் வெயிலில் அந்த இடத்தில் ஒரு பள்ளம். முகத்தைப் பார்த்துத் திறக்கும் போன்கள் வெயிலிலும் வேலை செய்ய இந்தப் பள்ளத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கின்றன. 2017-ல் வந்த ஐஃபோன் எக்ஸ், முகத்தின் மேல் 30,000-க்கும் மேற்பட்ட தெரியாத புள்ளிகளை லேசரால் தெளித்து, அவை எப்படி வளைந்து விழுகின்றன என்று பார்த்து முகத்தின் மேடு பள்ளத்தைக் கணக்கிடுகிறது.

கோட்டைப் பின்தொடரும் ரோபோ லேபில் ஓடுகிறது, வராந்தாவில் நின்றுவிடுகிறது. எல்இடி கெட்டுவிட்டதா?

எல்லா வருடமும் புராஜெக்ட் நாளில் நடக்கிற கூத்து இது. அந்த ரோபோ அகச்சிவப்பு எல்இடியைத் தரையில் அடித்து, திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் கோடு எங்கே என்று பார்க்கிறது. எல்இடி நன்றாகத்தான் இருக்கிறது. வராந்தாவில் வெயில் அடிக்கிறது, வெயிலில் அண்மை அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. சென்சார் அதில் திணறிப்போய்விடும்.

ரிமோட்டுக்கு மட்டும் ஏன் வெயிலில் பிரச்சினை குறைவு? ரிமோட் விட்டு விட்டு எரிகிறது. வினாடிக்கு 38,000 முறை எரிந்து அணையும் ஒளியை மட்டும் கவனி, மற்றதை விட்டுவிடு என்று டிவிக்குள் இருக்கும் சென்சாருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வெயில் அப்படித் துடிக்காது. ரோபோவிலும் எல்இடியைத் துடிக்கவிட்டு, துடிப்பை மட்டும் பிரித்துப் படித்தால் வராந்தாவிலும் ஓடும். அதுவரை ஒரு கறுப்பு அட்டையால் சென்சாருக்குக் குடை பிடியுங்கள்.

சிலிக்கானால் ஏன் எல்இடி செய்வதில்லை? அதுதானே மலிவு?

சிலிக்கானில் எலெக்ட்ரான் நேராகக் கீழே விழ முடியாது. ஆற்றலை மட்டும் இழந்தால் போதாது, உந்தத்தையும் மாற்றியாக வேண்டும். அதற்குப் படிகத்தின் அதிர்வு உதவிக்கு வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் ஆற்றல் பெரும்பாலும் சூடாகப் போய்விடும். அதனால் சிலிக்கான் ஒளி வாங்குவதில் கெட்டி, கொடுப்பதில் கஞ்சன்.

ஆனால் கொஞ்சம் கொடுக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்து ஓர் அருமையான வேலை நடக்கிறது. சூரியத் தகடு வெயிலில் மின்சாரம் தரும். இரவில் அதே தகட்டுக்குள் நாம் மின்சாரத்தைச் செலுத்தினால், அது திரும்ப ஒளி விடும், சுமார் 1150-ல். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஏற்ற கேமராவை வைத்தால் தகடு முழுக்கச் சாம்பல் வெளிச்சத்தில் மின்னும். எங்கே செல் விரிசல் விட்டிருக்கிறதோ, அங்கே மின்சாரம் போகாமல் கருப்பாகத் தெரியும்.

லாரியில் குலுங்கி வந்த தகட்டை இப்படிப் பார்க்க வேண்டும். மேல் கண்ணாடி பளபளவென்று புதிதாக இருக்கும். படத்தில் ஒரு செல்லின் மூலையிலிருந்து மூலைக்குப் பூரான் மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓடும். தூக்கி வைத்தவர் மேலே முழங்காலை ஊன்றியிருந்தால், ஊன்றிய இடத்திலிருந்து விரிசல் நாலா பக்கமும் கிளை விட்டிருக்கும். பெரிய சூரிய மின் நிலையங்களில் தகடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் தகராறு வந்தால் இந்தப் படம்தான் சாட்சி.

எர்பியம், நியோடிமியம் என்று அருமண் தனிமங்களின் பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

குறைக்கடத்தியின் நிறம் கலவையைப் பொறுத்தது. அருமண் தனிமங்கள் அப்படி இல்லை. கண்ணாடியில் போட்டாலும் படிகத்தில் போட்டாலும் எர்பியம் 1530 பக்கத்தில்தான் ஒளிரும், நியோடிமியம் 1060 பக்கத்தில்தான். ஒளி விடும் எலெக்ட்ரான்கள் அணுவின் உள்கூட்டில் இருக்கின்றன. வெளிக்கூடு அவற்றுக்குப் போர்வை மாதிரி. வெளியே யார் இருந்தாலும் உள்ளே அவ்வளவாக எட்டாது. எர்பியம், யெட்டர்பியம் இரண்டுக்கும் பெயர் கொடுத்தது சுவீடனில் இருக்கும் இட்டர்பி என்கிற ஒரே சின்ன ஊர்.

எர்பியத்தின் 1530 நமக்கு அடித்த அதிர்ஷ்டம். கண்ணாடி இழையில் ஒளி மிகக் குறைவாக இழக்கப்படுவது 1550 பக்கத்தில், கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 15 கிலோமீட்டரில் பாதி ஒளி போய்விடும், 100 கிலோமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1000 கிலோமீட்டர் போனால்? ஒரு மில்லிவாட் ஒளியை இந்த முனையில் விட்டால், அந்த முனையில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு ஒளித்துகள் வந்து சேரும்.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் திறந்த கடலடிக் கேபிள், தீவுகளையும் சேர்த்து சுமார் 2300 கிலோமீட்டர். இடையில் ஒளியை ஊட்டி வளர்க்காமல் இது நடக்காது. முன்பெல்லாம் வழியில் ஒளியை மின்சாரமாக மாற்றி, பெருக்கி, மறுபடி ஒளியாக்கி அனுப்புவார்கள். 1987-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவும் அமெரிக்காவின் பெல் லேபில் இமானுவேல் டெசுர்விரும், எர்பியம் கலந்த இழையைக் கொண்டு ஒளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டினார்கள். 980-ல் எரியும் சிறு லேசர் ஒன்று எர்பியத்துக்குச் சாப்பாடு போடும். செய்தி சுமந்து வரும் 1550 ஒளி அதைக் கடக்கும்போது, எர்பியம் அதே ஒளியின் நகல்களை அள்ளி விடும். கடலடியில் சில பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்றாக இந்தப் பெருக்கிகள் கிடக்கின்றன. இந்தப் பக்கமும் அநேகமாக எர்பியத்தின் வழியாகத்தான் உங்களிடம் வந்திருக்கும்.

நியோடிமியம்?

வெல்டிங், லேசர் அறுவை, தூரம் அளப்பது என்று 1064 லேசரின் வேலைப் பட்டியல் நீளம். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பச்சை லேசர் பேனா.

அதற்குள் முதலில் 808-ல் ஒரு டையோடு எரிகிறது. அது நியோடிமியம் படிகத்தை உசுப்பி 1064 தருகிறது. இன்னொரு படிகம் அந்த ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிக்கிறது; அலைநீளம் பாதியாகி 532 ஆகிறது. அதுதான் நாம் பார்க்கும் பச்சை. கடைசியில் மிச்ச அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். மலிவுப் பேனாக்களில் அந்த வடிகட்டியை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட் 2010-ல் சோதித்த ஒரு பேனாவில், பச்சையைவிட அகச்சிவப்பு அதிகமாக வெளியே வந்தது. பச்சை மங்கலாக இருக்கிறதே என்று குழந்தை இன்னும் கிட்டே வைத்துப் பார்க்கும். திருவிழாக் கடையில் இதை வாங்கித் தராதீர்கள்.

பழத்தின் இனிப்பை வெட்டாமலே சொல்லும் கருவியில் என்ன விளக்கு இருக்கிறது?

தண்ணீர், சர்க்கரை, கொழுப்பு, புரதம் எல்லாமே அண்மை அகச்சிவப்பில் தங்களுக்கென்று சில இடங்களில் ஒளியை உறிஞ்சும். தண்ணீருக்கு 970 பக்கம் ஒன்று இருக்கிறது. பழத்தில் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதில் எது குறைந்திருக்கிறது என்று பார்த்தால் உள்ளே இருப்பதை ஊகிக்கலாம். தானியத்தின் ஈரப்பதம் பார்ப்பதற்கு இது வெகு காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது.

இதற்கு ஒரே அலைநீளம் தரும் எல்இடி போதாது. 700 முதல் 1000 வரை அகலமாகப் பரவிய ஒளி வேண்டும். பழைய கருவிகளில் ஹாலோஜன் பல்பு இருந்தது. சூடு, பருமன், பேட்டரியைத் தின்னும். இப்போது நீல எல்இடியின் மேல் குரோமியம் கலந்த ஒரு பாஸ்பர் பூச்சு. வெள்ளை எல்இடி பல்பில் மஞ்சள் பூச்சு இருக்கிறதே, அதே உத்திதான். மஞ்சளுக்குப் பதில் தெரியாத ஒளி வரும். 2016-ல் ஓஸ்ராம் நிறுவனம் இந்த வகை எல்இடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

குரோமியம் இங்கே அருமண்ணுக்கு நேர் எதிர். அதன் எலெக்ட்ரான்களுக்குப் போர்வை கிடையாது, சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். மாணிக்கக் கல்லில் அக்கம்பக்கத்து அணுக்கள் நெருக்கிப் பிடிப்பதால் 694-ல் மெல்லிய சிவப்புக் கோடாக ஒளிர்கிறது. 1960-ல் மைமன் செய்த முதல் லேசர் அந்தக் கோடுதான். அதே குரோமியத்தைப் பிடி தளர்ந்த படிகத்தில் வைத்தால், அகலமாக, அகச்சிவப்புக்குள் வழிந்து ஒளிர்கிறது. பாஸ்பர் ஆராய்ச்சியாளர்கள் படிகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

கருவியை நம்பலாமா என்றால்: ஒரே ரக மாம்பழம் ஆயிரத்தை அளந்து, வெட்டிச் சரிபார்த்துத் தயார் செய்த கருவி அந்த ரகத்துக்கு நன்றாகச் சொல்லும். “எதை நீட்டினாலும் எல்லாம் சொல்லும்” என்று விளம்பரம் செய்தால் நான் வாங்க மாட்டேன்.

இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் மாதிரி, அகச்சிவப்பில் ஒளிர்ந்துகொண்டே இருக்கும் பொருள் உண்டா?

உண்டு. அதிலும் குரோமியம்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் செங்வெய் பான் குழு 2011-ல் அறிவித்த துத்தநாக-கேலியம்-ஜெர்மானியம் ஆக்சைடு, ஒரு நிமிடம் வெயில் பட்டால் 360 மணி நேரம் வரை அகச்சிவப்பில் ஒளிர்ந்தது. இரண்டு வாரம்! இரவுப் பார்வைக் கருவி போட்டவருக்கு மட்டும் தெரியும் அடையாளம் வைக்க உதவும்.

உடம்புக்குள் பார்க்க இந்த ஒளியை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரலிடுக்கில் சிவப்பு மட்டும் கசியும். பச்சையையும் நீலத்தையும் ரத்தம் உறிஞ்சிவிட்டது. 650-ஐத் தாண்டினால் ரத்தத்தின் உறிஞ்சல் குறைகிறது. ரொம்பத் தாண்டிப் போனால் தண்ணீர் உறிஞ்சத் தொடங்கிவிடும். நடுவில் இருக்கும் சன்னல்தான் அண்மை அகச்சிவப்பு.

இந்தச் சன்னலில் பழைய ஆள் ஒருவர் இருக்கிறார்: இண்டோசயனைன் கிரீன், சுருக்கமாக ஐசிஜி. கோடாக் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த சாயம். 1959-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 800 பக்கம் ஒளியை வாங்கி 830 பக்கம் திருப்பித் தரும். ஊசி போட்டதும் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கல்லீரல் அதை இழுத்துப் பித்தத்தோடு வெளியேற்றும். இந்தக் கடைசிக் குணம்தான் அறுவை மருத்துவருக்குக் கை கொடுக்கிறது. பித்தப்பை அறுவையின்போது கொழுப்புக்குள் மறைந்திருக்கும் பித்தக்குழாய் திரையில் தனியாக ஒளிரும். எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெரியும். குடலை வெட்டி இணைக்கும்போது, இணைக்கிற முனைக்கு ரத்தம் வருகிறதா என்றும் பார்ப்பார்கள். ஒளிராத பகுதிக்கு ரத்தம் சரியாக வரவில்லை. திரையில் தெரியும் பச்சை, கம்ப்யூட்டர் போட்ட வண்ணம்.

குறைகளும் உண்டு. தண்ணீரில் கரைத்தால் சில மணி நேரத்தில் வீணாகிவிடும். மருந்தில் அயோடைடு இருப்பதால் அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் இந்தக் குடும்பம்தான். உள்ளே இரண்டு எல்இடி: 660 சிவப்பு, 940 அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை விட்டுவிடும், அகச்சிவப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாத ரத்தம் தலைகீழ். இரண்டையும் மாற்றி மாற்றி எரியவிட்டு, நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்துக் கணக்குப் போடுகிறது. இந்த யோசனை ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தின் தாகுவோ அவோயாகியுடையது, 1974-ல் வெளியிட்டார். கருமையான தோலில் இது சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எச்சரித்தது. நமக்கு நேரடியாகப் பொருந்தும் சங்கதி. 94 என்று காட்டினாலும் மூச்சு வாங்கினால், எண்ணை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். நகப்பூச்சையும் மருதாணியையும் தவிர்த்து வேறு விரலில் மாட்டுங்கள்.

ஆதாருக்குக் கண்ணைப் படம் எடுத்தார்களே, அதிலும் இதுவா?

ஆமாம். நம்மில் பெரும்பாலோருக்குக் கருவிழி அடர் பழுப்பு. சாதாரண வெளிச்சத்தில் நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால் அதில் இருக்கும் இழைகள் தெரியாது. 700 முதல் 900 வரையிலான ஒளியில் அந்த நிறமி கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. இழைகள் தெளிவாகத் தெரியும். கண் கூசுவதும் இல்லை, கண்ணின் பாப்பா (கருவிழி நடுவில் ஒளி நுழையும் துளை) சுருங்குவதும் இல்லை.

குவாண்டம் புள்ளி, பெரோவ்ஸ்கைட், கரிம எல்இடி என்று செய்தி வருகிறதே. எது ஜெயிக்கும்?

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டரே அளவுள்ள குறைக்கடத்தித் துகள். அதில் கலவையை மாற்ற வேண்டாம். துகளின் அளவை மாற்றினாலே அலைநீளம் மாறும். 2023 வேதியியல் நோபல் இதற்குத்தான். அகச்சிவப்பில் கெட்டிக்காரப் புள்ளி ஈய சல்பைடு. பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. உடம்புக்குள் அனுப்ப ஈயத்தை யார் ஒப்புக்கொள்வார்கள்?

பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு தனிப் படிக அமைப்பு கொண்ட பொருள் வகை. அது வேகமாக வளர்ந்தது. 2014-ல் கேம்பிரிட்ஜ் குழு காட்டிய அகச்சிவப்பு எல்இடியின் திறன் 1 விழுக்காட்டுக்கும் கீழே. 2018-ல் 20-ஐத் தாண்டிவிட்டது. இதிலும் ஈயம் இருக்கிறது, ஆயுளும் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தை அது தாங்குமா என்பதுதான் என் கவலை.

கார்பன் மூலக்கூறுகளால் ஆன கரிமப் பொருட்களுக்கு வேறு தலைவலி. அலைநீளம் கூடக் கூட, மூலக்கூறில் இருக்கும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளின் அதிர்வு ஆற்றலை எளிதாகத் திருடிக்கொள்ளும். ஒளிர வேண்டியது சூடாகப் போய்விடும். அதனால்தான் சில குழுக்கள் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியத்தை வைத்துப் பார்க்கின்றன. தோலில் ஒட்டும் வளையும் விளக்கு வேண்டுமென்றால் கரிமத்துக்கு வாய்ப்பு உண்டு. ரிமோட்டையும் கேமராவையும் கேலியம் ஆர்சனைடிடமிருந்து யாரும் பிடுங்கப் போவதில்லை.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்புகள்தானா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இல்லை. மனிதன் கையால் செய்த அண்மை அகச்சிவப்பு ஒளிர்பொருளுக்கு நாலாயிரம் வயதுக்கு மேல் ஆகிறது. செய்தவருக்கு மட்டும் அது ஒளிர்வது தெரியாது.

மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் உவர்க்காரம். இவற்றை 900 டிகிரி பக்கம் சூளையில் சுட்டு எகிப்தியர்கள் ஒரு நீல வண்ணம் செய்தார்கள். பிறகு கிரேக்கரும் ரோமானியரும் அதை எடுத்துக்கொண்டார்கள். வேதியியலில் அது கால்சியம் செம்பு சிலிக்கேட். கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால், அதில் இருக்கும் செம்பு 910 பக்கத்தில் வலுவாக ஒளிர்கிறது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜியோவானி வெர்ரி இதை ஒரு துப்பறியும் கருவியாக்கினார். இருட்டறையில் சிலையின் மேல் அகச்சிவப்பு கலக்காத சிவப்பு எல்இடி வெளிச்சத்தைப் பாய்ச்சினார். கேமராவின் முன்னே தெரியும் ஒளி அத்தனையையும் தடுக்கும் வடிகட்டி. படத்தில் சிலை கருப்பாக இருக்கும். எகிப்திய நீலம் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் அது மட்டும் வெள்ளையாக மின்னும். கிரேக்கத்தின் ஏதென்ஸில் இருந்த பார்த்தினான் கோயில் சிற்பங்கள் வெறும் வெண்பளிங்கு என்றுதான் பார்த்துப் பழகியிருந்தோம். 2009-ல் ஐரிஸ் தேவதையின் இடுப்புக் கச்சை இந்தப் படத்தில் மின்னியது. இன்று கண்ணுக்கு அங்கே ஒரு பொட்டு நீலம்கூடத் தெரியாது.

கண்ணுக்கு ஆபத்தா?

ரிமோட் எல்இடி ஒன்றும் செய்யாது. பவர் கூடிய எல்இடி, லேசர் என்றால் கவனம் வேண்டும். கண்ணின் வில்லை 1400 வரை இந்த ஒளியை விழித்திரையில் குவித்துவிடும். வெளிச்சம் தெரியாததால் இமை மூடாது, பாப்பாவும் சுருங்காது. வலியும் இல்லை. 1400-க்கு மேல் கண்ணின் முன்பகுதியில் இருக்கும் நீரே உறிஞ்சிக்கொள்வதால் விழித்திரைக்கு ஆபத்து குறைவு. சில கார்களின் தூரம் அளக்கும் லேசர்கள் 905-ஐ விட்டு 1550-க்குப் போவது அதனால்தான்.

மூட்டுவலிக்கு அகச்சிவப்பு பெல்ட் வாங்கலாமா?

புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, குறிப்பிட்ட அளவில் சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளியை மருத்துவர்கள் பயன்படுத்துவது உண்டு. அதற்கு அலைநீளம், அளவு, நேரம் எல்லாம் கணக்கு. அலைநீளமே எழுதாத பெட்டியில் வரும் பெல்ட்டுக்கு ஒத்தடப் பைக்கு மேல் மரியாதை தர எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் இந்த ஒளியைப் பார்க்க வழி உண்டா? ரிமோட் வேலை செய்யாதபோது எதைச் சந்தேகப்படுவது?

போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதற்கு நேராக நீட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதாவும் வெள்ளையும் கலந்த புள்ளி துடிக்கும். பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் தெரியாமல் போகலாம். முன்பக்கத்தில் பெரும்பாலும் தெரியும்.

புள்ளியே இல்லையென்றால் முதலில் பேட்டரி, அடுத்து பேட்டரி தொடும் கம்பிச்சுருளில் பூத்திருக்கும் பச்சைக் களிம்பு. ஒரு பட்டனுக்கு மட்டும் புள்ளி வரவில்லை என்றால் அந்தப் பட்டனின் கீழே இருக்கும் ரப்பரைத் துடையுங்கள். மங்கலாக வந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. பளிச்சென்று வந்தும் டிவி அசையவில்லையா? டிவியின் கீழ்விளிம்பில் இருக்கும் கருஞ்சிவப்புச் சன்னலுக்கு முன்னால் யாராவது கொலு பொம்மை வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.